கையெழுத்திடப்படாத ஓர் ஆணை: 1994இல் அயர்லாந்து தொலைக்காட்சியில் என்ன மாறியது?

2006ஆம் ஆண்டு மார்ட்டின் மக்கின்னஸ் கிளிநொச்சிக்கு வந்து போனது வன்னியில் இருந்த பலருக்கு நினைவிருக்கும். வட அயர்லாந்தின் சமாதான முன்னெடுப்பில் சின் பெயின் கட்சியின் பிரதான பேச்சுவார்த்தையாளராக இருந்தவர் அவர். தங்களது அனுபவத்தை இங்கே பகிர்ந்துகொள்ள வந்திருந்தார். அவர் பேசியதை உள்ளூர் ஊடகங்களும் வெளிநாட்டு ஊடகங்களும் வெளியிட்டன. அதில் யாருக்கும் வியப்பு இருக்கவில்லை.

ஆனால் அதற்கு 13 வருடங்களுக்கு முன்னர் அதே மனிதர் டப்ளினில் உள்ள தேசிய தொலைக்காட்சியில் ஒரு வசனம்கூடப் பேச முடியாது. அவருடைய படத்தைக் காட்டலாம். அவரைப் பற்றி மற்றவர்கள் பேசலாம். அவருடைய குரல் மட்டும் வரக்கூடாது. அதுதான் அந்த நாட்டின் சட்டம்.

அந்தச் சட்டம் 1994 ஜனவரி 19ஆம் திகதி நள்ளிரவில் செயலிழந்தது. அந்த ஒரு வருடத்துக்குள் அயர்லாந்தின் திரையில் நடந்தவற்றை இந்தக் கட்டுரையில் விளக்க முயல்கிறேன். ஊடகக் கற்கை வகுப்புகளில் தணிக்கை பற்றிப் பேச்சு வந்தால் பிரித்தானியாவின் தடையைத்தான் பெரும்பாலும் உதாரணம் காட்டுவார்கள். ஜெரி அடம்ஸின் வாய் அசையும், நடிகர் ஒருவரின் குரல் கேட்கும் என்ற அந்தக் கதை சொல்வதற்குச் சுவாரசியமானது. அயர்லாந்தின் தடை அதைவிடப் பழையது, அதைவிட இறுக்கமானது. ஒரு சமூகம் யுத்தகாலத்தில் எப்படிக் கேட்காமல் பழகிக்கொள்கிறது என்பதை அறிய அதுவே நல்ல உதாரணம் என்று நான் நினைக்கிறேன்.

31ஆம் பிரிவு

அயர்லாந்துக் குடியரசில் தொலைக்காட்சி 1961 டிசம்பர் 31ஆம் திகதி இரவு ஆரம்பமானது. அதை நடத்தும் பொது நிறுவனம்தான் ஆர்.ரி.ஈ. அதற்கு அத்திவாரமிட்ட 1960ஆம் ஆண்டின் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டத்தில் 31ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குறிப்பிட்ட ஒரு விடயத்தை ஒலிபரப்ப வேண்டாம் என்று அமைச்சர் எழுத்து மூலம் பணிக்கலாம், நிறுவனம் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். பத்து வருடங்களுக்கு மேலாக அது பெரிதாகப் பேசப்படவில்லை.

1969இல் வட அயர்லாந்தில் மோதல்கள் வெடித்தன. பிரித்தானிய இராணுவம் தெருவுக்கு இறங்கியது. ஐ.ஆர்.ஏ. இரண்டாகப் பிளந்தது. 1971 செப்டெம்பர் இறுதியில் ஆர்.ரி.ஈ.யின் நடப்பு விவகார நிகழ்ச்சி ஒன்று அந்த இரண்டு பிரிவுகளின் தலைவர்களையும் பேட்டி கண்டு ஒளிபரப்பியது. சில நாட்களுக்குள், ஒக்டோபர் 1ஆம் திகதி, அமைச்சர் ஜெரி கொலின்ஸ் முதலாவது ஆணையைப் பிறப்பித்தார். வன்முறை வழியில் தம் இலக்கை அடைய முயலும் எந்த அமைப்பினதும் நோக்கங்களை வளர்க்கக்கூடிய எதையும் ஒலிபரப்பக்கூடாது என்றது அது.

எந்த அமைப்பு, எது வளர்ப்பது, எது வளர்க்காதது? அதைத் தெளிவுபடுத்துமாறு ஆர்.ரி.ஈ. கேட்டது. அமைச்சர் தெளிவுபடுத்தவில்லை. இதுபோன்ற ஆணைகளின் பலம் அவற்றின் தெளிவின்மையில்தான் இருக்கிறது. கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் கோட்டுக்கு வெகு தூரத்திலேயே நின்றுவிடுவார்.

தண்டனை விரைவில் வந்தது. 1972 நவம்பரில் கெவின் ஓகெலி என்ற மூத்த ஊடகவியலாளர், அப்போதைய ஐ.ஆர்.ஏ. தலைமைத் தளபதி ஷோன் மக்ஸ்டீஃபனைச் சந்தித்துப் பேசி, அவர் சொன்னதன் சாரத்தை வானொலியில் தன் வாயால் சொன்னார். ஐ.ஆர்.ஏ. தலைவரின் குரல் ஒலிக்கவில்லை. இருந்தும் அரசாங்கம் ஆர்.ரி.ஈ.யின் அதிகாரசபை உறுப்பினர்கள் அனைவரையும் பதவி நீக்கியது. பதிவு நாடாவில் இருக்கும் குரல் யாருடையது என்று நீதிமன்றத்தில் சொல்ல ஓகெலி மறுத்தார். நீதிமன்றத்தை அவமதித்ததாக அவருக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சில நாட்கள் சிறையில் இருந்தபின், மேன்முறையீட்டில் அது தண்டப்பணமாகக் குறைந்தது.

அந்தச் செய்தி ஆர்.ரி.ஈ.யின் ஒவ்வொரு மேசைக்கும் போய்ச் சேர்ந்தது.

தடை கூர்மையானது

1976இல் சட்டம் திருத்தப்பட்டது. திருத்தியவர் கொனர் குரூஸ் ஓபிரையன். எழுத்தாளராகவும் கல்வியாளராகவும் உலகம் அறிந்த ஒருவர். ஒரு கோணத்தில் பார்த்தால் அவர் சட்டத்தைச் சீராக்கினார். இனி ஆணைகள் ஒரு வருடத்துக்கு மேல் செல்லாது, பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட வேண்டும், அதிகாரசபையை அமைச்சர் நினைத்தபடி கலைக்க முடியாது என்ற பாதுகாப்புகள் அப்போதுதான் வந்தன. மறுபுறம், அதன்பின் வந்த ஆணைகள் அமைப்புகளைப் பெயர் குறித்துத் தடுத்தன. ஐ.ஆர்.ஏ., வட அயர்லாந்தில் தடைசெய்யப்பட்ட மற்ற அமைப்புகள், இவற்றோடு சின் பெயினும் சேர்க்கப்பட்டது.

இங்கேதான் சிக்கல். சின் பெயின் குடியரசில் தடைசெய்யப்பட்ட கட்சி அல்ல. அது தேர்தலில் நிற்கலாம், கூட்டம் நடத்தலாம், பத்திரிகை அச்சிடலாம். அதன் தலைவர்கள் சொல்வதைப் பத்திரிகைகள் மேற்கோள் காட்டலாம். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மட்டும் பேச முடியாது. 1982 பொதுத் தேர்தலில் அக்கட்சியின் தேர்தல் ஒலிபரப்பு தடுக்கப்பட்டது. மேல் நீதிமன்றம் அந்தப் பிரிவே அரசியலமைப்புக்கு முரணானது என்றது. உயர் நீதிமன்றம் அதை மாற்றி, ஆணை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த வருடம் ஜெரி அடம்ஸ் மேற்கு பெல்பாஸ்ட் தொகுதியில் பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். வாக்காளர் தெரிவு செய்த ஒருவரின் குரல் எல்லைக்கு அப்பால் கேட்கக்கூடாததாகவே இருந்தது.

பிரித்தானியாவின் தடை 1988 ஒக்டோபர் 19ஆம் திகதிதான் வந்தது. பயங்கரவாதிகளுக்கு விளம்பரம் என்ற பிராணவாயு கிடைக்கக்கூடாது என்று மார்கிரட் தட்சர் 1985இலேயே பேசியிருந்தார். 1988 ஓகஸ்டில் பேருந்து ஒன்றின் மீதான ஐ.ஆர்.ஏ. குண்டுத் தாக்குதலில் எட்டு இராணுவத்தினர் கொல்லப்பட்டதன் பின்னர் உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹேர்ட் தடையை அறிவித்தார். பதினொரு அமைப்புகள் அதில் அடங்கின. பிரித்தானிய விசுவாசத் தரப்பின் ஆயுதக் குழுக்களும் அவற்றுள் இருந்தன. ஆனால் அங்கே தடுக்கப்பட்டது குரல் மட்டுமே. சொற்கள் தடுக்கப்படவில்லை. ஆகவே பி.பி.சி.யும் மற்ற நிலையங்களும் நடிகர்களை அமர்த்தி உதட்டசைவுக்கு ஏற்ப அதே சொற்களைப் பேச வைத்தன. புகழ்பெற்ற நடிகர் ஸ்டீபன் ரேயும் அடம்ஸுக்குக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். தேர்தல் காலத்தில் வேட்பாளர்கள் பேசவும் அங்கே விலக்கு இருந்தது.

குடியரசில் இந்த ஓட்டைகள் இருக்கவில்லை. பேட்டியும் கூடாது, பேட்டியைப் பற்றிய அறிக்கையும் கூடாது. தேர்தல் காலமும் விலக்கு இல்லை. டப்ளினிலும் கிழக்குக் கரையிலும் எல்லையோரத்திலும் இருந்தவர்கள் பிரித்தானிய அலைவரிசைகளைப் பிடித்து நடிகரின் குரலிலாவது அடம்ஸ் சொல்வதைக் கேட்டார்கள். உள்நாட்டு அலைவரிசையை மட்டும் நம்பியிருந்த மேற்கிலும் தெற்கிலும் உள்ள வீடுகளுக்கு அதுவும் இல்லை.

வெதுப்பகத் தொழிலாளியின் வழக்கு

தணிக்கை எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்க ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1990இல் டப்ளினின் வட புறநகரான பின்கிளாஸில் ஒரு கேக் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளரின் பேச்சாளராக இருந்தவர் லரி ஓடூல். ஆர்.ரி.ஈ. செய்தியாளர்கள் அவரைப் பேட்டி கண்டார்கள். சம்பளம், வேலை நிபந்தனை, நிர்வாகத்தோடான பிணக்கு, இவைதான் பேச்சு. பின்னர் அவர் சின் பெயின் உறுப்பினர் என்று தெரியவந்தது. பேட்டிகள் நிறுத்தப்பட்டன.

அவர் நீதிமன்றம் சென்றார். 1992 ஜூலையில் மேல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆணை தடுப்பது அக்கட்சியின் பேச்சாளராகவும் பிரதிநிதியாகவும் பேசுவதை, ஒரு சாதாரண உறுப்பினர் வேறொரு விடயத்தைப் பேசுவதை அது தடுக்கவில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

அதாவது, சட்டம் கேட்டதைவிட அதிகமாக நிறுவனம் தன்னைத்தானே தணிக்கை செய்திருந்தது. இந்தத் தீர்ப்பு ஆர்.ரி.ஈ.க்குக் கூடுதல் சுதந்திரத்தைக் கொடுத்தது. அதைக் கேட்டு ஒரு ஊடக நிறுவனம் மகிழ வேண்டும். ஆர்.ரி.ஈ. தனக்குச் சுதந்திரம் தந்த தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்தது. 1993 மார்ச்சில் அங்கும் தோற்றது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். தணிக்கை என்றால் ஓர் அதிகாரி சிவப்புப் பேனாவோடு வந்து வெட்டுவது என்றுதான் நாங்கள் பொதுவாக நினைக்கிறோம். அப்படியும் நடக்கும். ஆனால் இருபது வருடங்கள் கழியும்போது அதிகாரி வரத் தேவையில்லை. 1988இல் ஜிப்ரால்டரில் கொல்லப்பட்ட மூன்று ஐ.ஆர்.ஏ. உறுப்பினர்களின் உடல்கள் பெல்பாஸ்டுக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, காலை வானொலிச் செய்தியில் மக்கின்னஸின் சில சொற்கள் ஒலித்துவிட்டன. அந்தச் செய்தியைத் தயாரித்த ஊடகவியலாளர் வேலையை இழந்தார். இப்படி ஒரு சம்பவம் நடந்தால், அதன்பின் வருகிற ஒவ்வொரு செய்தியாளரும் வேலைநிறுத்தச் செய்திக்குப் போகும்போதுகூட, பேசுபவர் எந்தக் கட்சி என்று முதலில் கேட்டுப் பார்ப்பார். கேட்பது சிரமம் என்றால் அந்தத் தெருவுக்கே போகமாட்டார்.

தடைக்கு ஆதரவான வாதம்

தடையை ஆதரித்தவர்கள் எல்லோரையும் அடக்குமுறையாளர் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த மோதலில் 3,500க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும் பகுதியினரைக் கொன்றது ஐ.ஆர்.ஏ. கணவனை, பிள்ளையைக் குண்டில் இழந்த ஒருவர் தன் வீட்டு வரவேற்பறைத் திரையில் அந்தக் கொலைக்கு நியாயம் சொல்லும் முகத்தைப் பார்க்க வேண்டுமா என்ற கேள்வி பொய்யானதல்ல. தொலைக்காட்சி ஒருவருக்கு மரியாதையைக் கொடுத்துவிடுகிறது என்ற பயமும் பொய்யானதல்ல. யுத்தத்தைக் கடந்த எந்தச் சமூகத்திலும் இந்த வலி இருக்கும்.

ஆனால் அதே வலி மறுபக்கமாகவும் வேலை செய்கிறது. 1993 ஒக்டோபர் 23ஆம் திகதி பெல்பாஸ்டின் ஷங்கில் வீதியில் ஒரு மீன் கடையில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு நேரத்துக்கு முன்னரே வெடித்தது. ஒன்பது பொதுமக்களும் குண்டு கொண்டுசென்ற இருவரில் ஒருவரும் இறந்தனர். அந்தக் குண்டுதாரியின் பெட்டியை ஜெரி அடம்ஸ் தோளில் சுமந்தார். அந்தப் படம் உலகம் முழுவதும் போனது. ஏன் சுமந்தீர்கள், இறந்த பிள்ளைகளின் குடும்பத்துக்கு என்ன சொல்கிறீர்கள் என்று அவரிடம் நேருக்கு நேர் கேட்டு, அவர் தடுமாறுவதையோ தடுமாறாததையோ மக்களுக்குக் காட்டும் உரிமை ஆர்.ரி.ஈ.க்கு இருக்கவில்லை. தடை அவரைத் தண்டித்தது என்று சொல்கிறார்கள். அந்த வாரத்தில் அது அவரைப் பாதுகாத்தது என்றே நான் சொல்வேன்.

காணாமல் ஆக்கப்பட்டவர்கள் விடயமும் இப்படித்தான். ஜீன் மக்கொன்வில் பெல்பாஸ்டில் வாழ்ந்த விதவை, பத்துப் பிள்ளைகளின் தாய். 1972 டிசம்பரில் ஐ.ஆர்.ஏ. அவரைக் கடத்திச் சென்று கொன்று இரகசியமாகப் புதைத்தது. 1999 வரை தான்தான் செய்ததாக அந்த இயக்கம் ஒப்புக்கொள்ளவில்லை. 2003இல் குடியரசின் லூத் மாவட்டக் கடற்கரை ஒன்றில் அவரது எச்சங்கள் கிடைத்தன. இப்படிப் பல குடும்பங்கள் இருந்தன. அந்த மௌனத்துக்குப் பொறுப்பு ஐ.ஆர்.ஏ.தான். ஆயினும் அதன் அரசியல் தரப்பைக் கமெராவுக்கு முன் இருத்தி, இந்தப் பெண் எங்கே என்று கேட்கவே முடியாதபடி சட்டம் இருந்ததும் உண்மை. ஆயுததாரியின் வாயைக் கட்டும் சட்டம், அவரிடம் பதில் கேட்க வருபவரின் மேடையையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது.

ஒரு கையெழுத்தின் கதை

1993 ஏப்ரலில் ஒரு செய்தி வெளியானது. மிதவாதத் தேசியவாதத் தலைவர் ஜோன் ஹியூமும் அடம்ஸும் இரகசியமாகப் பேசி வருகிறார்கள். இரண்டு பேரில் ஒருவரின் குரலை மட்டும் அயர்லாந்து மக்கள் தங்கள் தொலைக்காட்சியில் கேட்கலாம். அந்த வருடம் ஐ.நா. மனித உரிமைக் குழு 31ஆம் பிரிவு குறித்துக் கவலை வெளியிட்டது. அதற்கு முன் ஆர்.ரி.ஈ. ஊழியர்கள் சிலர் ஐரோப்பிய மனித உரிமை ஆணைக்குழுவுக்குப் போயிருந்தார்கள். 1991இல் அந்த மனு ஏற்கப்படவில்லை. சர்வதேசக் கதவுகள் எல்லாம் ஒரே மாதிரித் திறப்பதில்லை என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

இதற்குள் ஒலிபரப்புத்துறை மைக்கல் டி. ஹிக்கின்ஸின் பொறுப்புக்கு வந்திருந்தது. கவிஞர், கோல்வே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர், தொழிற்கட்சிக்காரர். பிற்காலத்தில் நாட்டின் ஜனாதிபதியாக இரண்டு தவணைகள் இருந்தவரும் இவர்தான். அவர் 31ஆம் பிரிவை நெடுங்காலம் எதிர்த்தவர். இருந்தும் 1993 ஜனவரியில் ஆணை வழக்கம்போல இன்னொரு வருடத்துக்கு நீடிக்கப்பட்டது. கூட்டணி அரசாங்கத்தில் ஓர் அமைச்சர் நினைத்ததை உடனே செய்துவிட முடியாது.

1993 டிசம்பர் 15ஆம் திகதி பிரித்தானியப் பிரதமர் ஜோன் மேஜரும் அயர்லாந்துப் பிரதமர் அல்பேர்ட் ரெனால்ட்ஸும் டவுனிங் வீதிப் பிரகடனத்தை வெளியிட்டார்கள். வன்முறையைக் கைவிட்டால் பேச்சுவார்த்தை மேசையில் இடம் உண்டு என்ற செய்தி அதில் இருந்தது. ஒரு மாதம் கழித்து ஆணையைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. அமைச்சரவை கூடிப் பேசியது. புதுப்பிப்பதில்லை என்று முடிவாகியது.

இங்கே கவனிக்க வேண்டியது, எந்தச் சட்டமும் அன்று நீக்கப்படவில்லை. 31ஆம் பிரிவு சட்டப் புத்தகத்தில் அப்படியே கிடந்தது. அமைச்சர் கையெழுத்திடவில்லை, ஆணை காலாவதியானது, அவ்வளவுதான். 1976இல் சேர்க்கப்பட்ட அந்த ஒரு வருட எல்லைதான் இதைச் சாத்தியமாக்கியது. ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவர் பேனாவை எடுத்து மீண்டும் கையெழுத்திட வேண்டும் என்று இருந்தால், ஒரு நாள் யாராவது எடுக்காமல் விடலாம். முடிவுத் திகதி இல்லாத தடைச் சட்டங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

தடை போனதும் எதையும் ஒலிபரப்பலாம் என்று ஆகிவிடவும் இல்லை. குற்றத்தைத் தூண்டக்கூடிய எதையும் ஒலிபரப்பக்கூடாது என்ற வேறொரு பிரிவு அதே சட்டத்தில் இருந்தது, தொடர்ந்தும் இருந்தது. மாறியது இதுதான்: ஒருவர் என்ன சொல்கிறார் என்பதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும், அவர் யார் என்பதைப் பார்த்து அல்ல.

அந்த வருடம் திரையில்

ஆணை காலாவதியான சில நாட்களில் அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் அடம்ஸுக்குக் குறுகியகால விசா வழங்கினார். ஓகஸ்ட் 31ஆம் திகதி ஐ.ஆர்.ஏ. போர் நிறுத்தத்தை அறிவித்தது. செப்டெம்பர் 16ஆம் திகதி மேஜர் பெல்பாஸ்டில் வைத்துப் பிரித்தானியத் தடையை நீக்கினார். நடிகர்களின் குரல் ஓய்ந்தது. ஒக்டோபர் 13ஆம் திகதி விசுவாசத் தரப்பு ஆயுதக் குழுக்களும் போர் நிறுத்தம் அறிவித்தன.

தடை நீங்கியதால்தான் சமாதானம் வந்தது என்று நான் சொல்லவரவில்லை. இரகசியப் பேச்சுகள், அமெரிக்க அழுத்தம், களைத்துப்போன மக்கள், இராணுவரீதியில் எவரும் வெல்ல முடியாத நிலை என்று பல காரணங்கள் இருந்தன. பேசினால் சமாதானம் கெட்டுவிடும் என்ற பயம் மட்டும் பிழையாகிப் போனது.

ஒக்டோபர் இறுதியில் அயர்லாந்தின் மிகப் பிரபலமான உரையாடல் நிகழ்ச்சிக்கு அடம்ஸ் வந்தார். அதை நடத்திய கே பேர்ன் நாடே அறிந்த முகம். அவர் அடம்ஸுடன் கைகுலுக்கவில்லை. அழைக்கப்பட்டிருந்த விருந்தினர்கள் பலர் அடுத்தடுத்துக் கடுமையாகக் கேட்டார்கள். அதைப் பார்த்த பலருக்கு அடம்ஸ் மீது அனுதாபம்தான் பிறந்தது என்று பிறகு விமர்சனம் எழுந்தது. இருபத்திரண்டு வருடங்கள் கேட்காமல் இருந்துவிட்டால் எப்படிக் கேட்பது என்பதும் மறந்துவிடுகிறது போலும். திட்டுவது வேறு, கேட்பது வேறு. நல்ல கேள்விக்கு ஆதாரம் வேண்டும், பொறுமை வேண்டும், பழக்கம் வேண்டும்.

தொலைக்காட்சியில் முகம் காட்டினால் மக்கள் மயங்கிவிடுவார்கள் என்ற பயத்துக்கும் வாக்காளர்கள் பதில் சொன்னார்கள். தடை நீங்கிய பின் குடியரசில் நடந்த முதலாவது பொதுத் தேர்தல் 1997இல். சின் பெயினுக்குக் கிடைத்தது ஒரே ஓர் ஆசனம். அக்கட்சி அங்கே பெரிய சக்தியாக வளர இன்னும் இருபது வருடங்களுக்கு மேல் எடுத்தது. அதுவும் வீட்டுவசதி, சுகாதாரம் போன்ற கேள்விகளை வைத்து.

வேறொரு மௌனம்

அதே 1994 ஒக்டோபரில், 6ஆம் திகதி, பெல்பாஸ்டின் தனியார் நிலையமான யூ.ரி.வி. ஓர் ஆவண நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. ஊடகவியலாளர் கிறிஸ் மோர் தயாரித்தது. பிரெண்டன் ஸ்மித் என்ற கத்தோலிக்கக் குருவானவர் பல வருடங்களாகச் சிறுவர்களைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்ததையும், திருச்சபையில் அது தெரிந்திருந்தும் அவர் இடத்துக்கு இடம் மாற்றப்பட்டதையும் அது வெளிக்கொணர்ந்தது. அவரைக் கையளிக்குமாறு வட அயர்லாந்துப் பொலிஸார் அனுப்பிய பிடியாணைகள் டப்ளினில் சட்டமா அதிபர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் கிடந்ததும் தெரியவந்தது. அந்தச் சட்டமா அதிபரை மேல் நீதிமன்றத்தின் தலைவராக்குவதில் பிரதமர் ரெனால்ட்ஸ் பிடிவாதமாக நின்றார். தொழிற்கட்சி கூட்டணியிலிருந்து விலகியது. நவம்பர் 17ஆம் திகதி ரெனால்ட்ஸ் பதவி விலகினார். போர் நிறுத்தத்தைக் கொண்டுவந்த பிரதமர், மூன்று மாதங்களுக்குள் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி கிளறிய கேள்விகளால் வீழ்ந்தார்.

இந்த விடயத்தை 31ஆம் பிரிவு தடுத்திருக்கவில்லை. குருமார் பற்றிப் பேசக்கூடாது என்று எந்தச் சட்டமும் இருக்கவில்லை. அங்கே இருந்தது பழக்கம். சில நிறுவனங்களைக் கேள்வி கேட்பதில்லை என்ற பழக்கம். 1974 மே 17இல் டப்ளினிலும் மொனகனிலும் விசுவாசத் தரப்பினரின் கார்க் குண்டுகளில் 33 பேர் இறந்தார்கள். அதன் பின்னணியை விரிவாகத் தேடிய தொலைக்காட்சி ஆவணப்படம் 1993இல்தான் வந்தது, அதுவும் இங்கிலாந்தின் யோர்க்ஷயர் தொலைக்காட்சியிலிருந்து. அவர்கள் இறந்தது குடியரசின் மண்ணில். கொலையாளிகள் ஐ.ஆர்.ஏ. அல்ல. இருந்தும் அந்தக் குடும்பங்களின் கதையை வெளியார் வந்து எடுக்க வேண்டியிருந்தது. ஒரு விடயத்தில் பழகிய பயம் அந்த விடயத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பின்னர் ஆர்.ரி.ஈ.யும் கேட்கத் தொடங்கியது. 1999இல் மேரி ராப்டரி என்ற தயாரிப்பாளர், திருச்சபை நடத்திய சிறுவர் இல்லங்களில் நடந்த கொடுமைகள் பற்றி எடுத்த தொடர் அங்கேதான் ஒளிபரப்பானது. அது முடிவதற்குள்ளேயே பிரதமர் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

மொழிக்கு ஒரு திரை

ஹிக்கின்ஸின் பெயரோடு இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கிறது. 1996 ஒக்டோபர் 31ஆம் திகதி, மேற்குக் கரையில் கோல்வேக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஐரிஷ் மொழித் தொலைக்காட்சி ஆரம்பமானது. ஐரிஷ் அந்த நாட்டின் முதலாவது உத்தியோகபூர்வ மொழி. அரசியலமைப்பில் முதலிடம், திரையில் கடைசி இடம் என்றுதான் அதுவரை இருந்தது. அந்த மொழி பேசும் கரையோர மக்கள் 1960களின் இறுதியிலிருந்தே தங்களுக்கென ஒலிபரப்புக் கேட்டுப் போராடியவர்கள். இவ்வளவு குறைந்த பார்வையாளருக்கு இவ்வளவு செலவா என்று டப்ளின் பத்திரிகைகளில் பலர் எழுதினார்கள். இன்று ரி.ஜி.4 என்று அழைக்கப்படும் அந்த அலைவரிசை இன்னமும் இயங்குகிறது. தடையை நீக்குவது பாதி வேலை. பேசுவதற்கு இடம் அமைத்துக் கொடுப்பது மறுபாதி. ஒரே அமைச்சர் இரண்டையும் ஒரே விடயத்தின் இரு பக்கமாகப் பார்த்தார் என்பது என் வாசிப்பு.

மீதமிருப்பது

இந்தக் கதையில் திருப்பிப் பெற முடியாத ஒன்று இருக்கிறது. 1971க்கும் 1994க்கும் இடைப்பட்ட ஆர்.ரி.ஈ. ஆவணக் காப்பகத்தில் ஒரு பெரிய துளை உள்ளது. ஒரு முழு யுத்தத்தின் ஒரு தரப்பு அங்கே படமாக இருக்கிறது, குரலாக இல்லை. அவர்கள் அந்த வருடங்களில் என்ன சொன்னார்கள், யாரிடம் என்ன பொய் சொன்னார்கள், எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து போனார்கள் என்பதற்குத் தேசிய ஒளிபரப்பாளரிடம் சாட்சி இல்லை. பிற்காலத்தில், தான் ஒருபோதும் ஐ.ஆர்.ஏ. உறுப்பினராக இருந்ததில்லை என்று அடம்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னபோது, அவருக்கு முன் போட்டுக் காட்டப் பழைய ஒளிப்பதிவு ஒன்றும் அங்கே இருக்கவில்லை. அன்று கேட்கப்படாத கேள்வியை 1994இல் தணிக்கையை நீக்கிப் பின்னோக்கிக் கேட்க முடியாது.

தணிக்கை பற்றிய விவாதம் எப்போதும் பேசுகிறவரின் உரிமை பற்றியதாகவே நடக்கிறது. அவருக்கு அந்த உரிமை தகுமா, தகாதா என்று. அயர்லாந்தின் அனுபவத்தைப் படித்தபின் எனக்கு அந்தக் கேள்வி இரண்டாவதாகவே படுகிறது. கொன்றவரின் வாயாலேயே பதில் கேட்டு அதைப் பதிவில் வைக்கும் உரிமை, பிள்ளையைத் தேடுகிற தாய்க்கும் குண்டில் கணவனை இழந்தவருக்கும் இருந்தது. இருபத்திரண்டு வருடங்கள் பறிக்கப்பட்டது அவர்களுடைய உரிமை.